புண்ணில் சீழ் இல்லை என்று நிம்மதி அடையாதீர்கள்

மறுபடியும் அதே கதை. வெந்நீர் பட்ட குழந்தை, கையில் உள்ளங்கை அகலம்கூட இல்லாத புண், அதன் மேல் ஒரு கட்டு. இரண்டாம் நாள் கடும் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, உடலெங்கும் வெயிலில் வெந்தது போன்ற சிவப்பு. வயிற்றுக் கோளாறு என்று நினைத்து ஒரு நாள் பார்த்திருக்கிறார்கள். என்னிடம் வரும்போது ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. "புண் நல்லாத்தானே இருக்கு டாக்டர், சீழ்கூட இல்லையே" என்றார் அம்மா.

சீழ் இருந்தால்தான் ஆபத்து என்ற நம்பிக்கை எப்போது ஒழியுமோ! ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி புண்ணை விட்டு நகரவே வேண்டாம். இருந்த இடத்திலிருந்தே நஞ்சைச் சுரக்கும். அது ரத்தத்தில் கலந்தால் போதும். இதுதான் டாக்ஸிக் ஷாக் சிண்ட்ரோம், அதாவது நஞ்சால் வரும் அதிர்ச்சி நோய். கிருமி புண்ணிலேயே இருப்பதால்தான் ரத்தத்தை கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு) அனுப்பினால் பெரும்பாலும் எதுவும் வளர்வதில்லை. "ரிப்போர்ட்டில் கிருமி இல்லையே, அப்புறம் எதற்கு ஐசியூ?" என்று கேட்கிறார்கள். அந்தப் பரிசோதனை தேடியது கிருமியை, நஞ்சை அல்ல. பச்சிளம் குழந்தைகளுக்கு வெந்தது போலத் தோல் உரியும் நோயும் இந்தக் கிருமியின் வேறொரு நஞ்சால் வருவதுதான். அந்தக் கொப்புள நீரிலும் கிருமி இருக்காது. அது தொப்புளிலோ மூக்கிலோ இருக்கும்.

பெரியவர்கள் பலருக்கு டாக்ஸிக் ஷாக் வரவைக்கும் நஞ்சுக்கு எதிரான ஆன்டிபாடி (உடலே உருவாக்கும் எதிர்ப்புப் புரதம்) ஏற்கெனவே உண்டு. சிறு குழந்தைகள் பலருக்கு இல்லை. 1978-இல் ஜேம்ஸ் டாட் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் இந்த நோய்க்கு டாக்ஸிக் ஷாக் சிண்ட்ரோம் என்று பெயரிட்டபோது விவரித்த 7 பேரும் 8 முதல் 17 வயதுக்குள்தான்.

இளம் மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: கிருமியைக் கொல்லும் மருந்தோடு கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைச் சேர்ப்பது நஞ்சு உற்பத்தியை அடக்க. கட்டைப் பிரித்துப் புண்ணைச் சுத்தம் செய்யாமல் மருந்தை மட்டும் ஏற்றிக்கொண்டிருக்காதீர்கள்.

வீட்டில் இருப்பவர்கள் கட்டைத் தொடுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நனைந்த கட்டை உடனே மாற்றுங்கள். கட்டியைப் பிதுக்காதீர்கள், எத்தனை முறை சொல்வது! டாம்பான் (மாதவிடாயின்போது உள்ளே வைக்கும் பஞ்சு) பயன்படுத்தும் பெண்கள் 8 மணி நேரத்துக்கு மேல் ஒன்றையே வைத்திருக்க வேண்டாம். அடிபட்டோ அறுவை சிகிச்சை முடிந்தோ சில நாட்களுக்குள் காய்ச்சலும் உடல் சிவப்பும் தலைச்சுற்றலும் சேர்ந்து வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தயவுசெய்து, மருத்துவரிடம் முதல் வார்த்தையாகப் புண்ணைச் சொல்லுங்கள். வயிற்றுப்போக்கு என்று மட்டும் சொன்னால் எங்கள் கண்ணும் வயிற்றிலேயே நின்றுவிடும்.