முதற்குடிக் கலைஞர்

"இண்டிஜினஸ் ஆர்ட்டிஸ்ட்" என்ற தொடரைத் தமிழில் எழுதப் போனால் ஐந்து சொற்கள் முன்னால் வந்து நிற்கும்: பழங்குடி, ஆதிவாசி, சுதேசி, பூர்வீகம், நாட்டார். ஹட்டனிலோ பதுளையிலோ ஒரு கண்காட்சிக்குப் பெயர்ச்சீட்டு எழுதுகிறவரும், சித்திரப் பாடத்துக்குக் குறிப்புத் தயாரிக்கும் ஆசிரியரும், செய்தி மொழிபெயர்ப்பவரும் கைக்கு வந்ததை எடுத்துக்கொள்கிறார்கள். இந்த ஐந்தும் ஒரே பொருள் தருபவை என்று எண்ணுவதுதான் பிழை. ஒவ்வொன்றும் வேறு ஆளை, வேறு உரிமையைக் காட்டும். முதற்குடிக் கலைஞர் என்று எழுதலாம் என்பதே இங்கே சொல்ல வருவது.

மூலச்சொல்லை முதலில் பார்ப்போம். இலத்தீனில் "இண்டிஜெனா" என்றால் உள்ளேயே பிறந்தவர். "இண்டு" என்பது உள்ளே. "கிக்னெரே" என்பது ஈனுதல். வெளியிலிருந்து வந்து குடியேறாமல், அந்த இடத்திலேயே தோன்றியவர் என்று பொருள். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது செடிகொடி, விலங்கு, மனிதர் எல்லாவற்றுக்கும் அது பொதுவாக இருந்தது. இப்போதுள்ள அரசியற் பொருள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏறியது. முதற்குடி மக்கள் பற்றிய, சர்வதேச தொழில் அமைப்பின் 169ஆம் உடன்படிக்கை 1989இல் வந்தது. 2007 செப்டெம்பர் 13இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை இம்மக்களின் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. இலங்கை ஆதரித்து வாக்களித்தது. அவுஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, அமெரிக்கா ஆகிய நான்கும் எதிர்த்துப் பின்னர் ஏற்றுக்கொண்டன. அந்தப் பிரகடனத்தின் 31ஆம் பிரிவு, தம் பண்பாட்டு மரபையும் அதன் வெளிப்பாடுகளையும் பேணவும் ஆளவும் அம்மக்களுக்கே உரிமை உண்டு என்கிறது. கலைஞர் என்ற சொல்லுக்கு முன்னால் இந்த அடைமொழி நிற்கும்போது, பிறப்போடு சேர்த்து அந்த உரிமையையும் அது சுமக்கிறது.

ஆங்கிலத்தில் முதல் எழுத்தைப் பெரிதாக்கினால் மக்கள், சிறிதாக்கினால் செடி என்று பிரித்துவிடலாம். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து இல்லை. அதனால் வேறுபாடு முழுவதையும் சொல்லே தாங்க வேண்டும்.

"சுதேச" என்பது இலங்கையில் ஏற்கெனவே பிடிபட்ட சொல். சுதேச வைத்தியம் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது மேலைநாட்டு வைத்தியத்துக்கு எதிராக நம் நாட்டு வைத்தியம் என்ற பொருளில் வந்தது. சுதேசிக் கலைஞர் என்று எழுதினால் "உள்ளூர்க் கலைஞர்" என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். கொழும்பில் பிறந்த எந்த ஓவியரும் அதில் அடங்கிவிடுவார்.

"நாட்டார்" ஒரு கலை வகையைச் சொல்லும் பெயர். நாட்டார் பாடல் யாரிடமிருந்தும் யாருக்கும் போகலாம். முதற்குடி மக்களிடையே பல ஓவிய உருக்களும் பாட்டுகளும் குறிப்பிட்ட குலத்துக்கு உரியவை. அடுத்த குலத்தவர் கேளாமல் வரைய முடியாது. அந்த உடைமை நாட்டார் என்ற சொல்லில் கரைந்து போகும்.

"பழங்குடி" நல்ல தமிழ்ச் சொல். திருக்குறளின் குடிமை அதிகாரத்தில், 955ஆம் குறளில் இருக்கிறது. கொடுக்க வழியில்லாது சுருங்கிய காலத்திலும் பண்பில் பிறழாத தொன்மையான குடும்பம் என்று அங்கே பொருள். காட்டில் வாழ்பவர் என்ற பொருள் அதில் இல்லை. இன்றோ இந்தியாவில் அது அரசாங்கப் பட்டியலின் பெயர். ஜங்கர் சிங் ஷ்யாம் போன்ற மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியரைப் பற்றி எழுதும்போது அந்தச் சொல் பொருந்தும். அங்குள்ள சட்டமும் பேச்சும் அப்படி. மற்ற இடங்களில் "பழ" என்ற அடை இடையூறு செய்யும். சமகாலப் பழங்குடிக் கலை என்று எழுதிப் பாருங்கள், ஒரு சொல் முன்னுக்கு இழுக்க மற்றது பின்னுக்கு இழுக்கிறது. வீடியோவிலும் நியோன் விளக்கிலும் வேலை செய்கிற முப்பது வயதுக்காரரைப் பழையவர் என்று சொல்லிவிடுகிறோம்.

"ஆதிவாசி" இலங்கையில் வேடர் சமூகத்தைக் குறிக்கச் சிங்களத்திலும் தமிழிலும் வழங்குகிறது. அம்மக்கள் தங்களை வன்னியல எத்தோ, அதாவது காட்டு மக்கள், என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுதும்போது அந்தப் பெயரையே முதலில் போட்டு, ஆதிவாசி என்று ஒரு தடவை விளக்கினால் போதும்.

மலையகத்தில் மிகவும் சிக்கலானது "பூர்வீகம்". தோட்டத்தில் ஒருவரிடம் உங்களுக்குப் பூர்வீகம் எங்கே என்று கேட்டால் திருச்சிப் பக்கம், சேலம், புதுக்கோட்டை என்றுதான் பதில் வரும். நான்கு, ஐந்து தலைமுறை இங்கேயே பிறந்து இங்கேயே புதைந்த பிறகும் அந்தச் சொல் கடலுக்கு அப்பால்தான் கை காட்டுகிறது. நிற்கும் மண்ணைச் சொல்ல வேண்டிய இடத்தில், விட்டு வந்த மண்ணைச் சொல்லும் சொல்லைப் போட்டால் நம் வாசகர் குழம்புவார். பூர்வகுடி என்பது தமிழகப் பத்திரிகைகளில் பரவலாக வருகிறது, பிழையும் இல்லை. இங்கே மட்டும் பூர்வீகத்தின் நிழல் அதன்மேல் விழுகிறது.

முதற்குடிக்கு வருவோம். "முதல்" என்பதை வரிசையில் ஒன்றாவது என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மரத்தின் அடியும் முதல், வியாபாரத்தில் போடுவதும் முதல், காரணமும் முதல். தொல்காப்பியம் முதற்பொருள் என்று இரண்டைத்தான் சொல்கிறது: நிலமும் பொழுதும். அந்த நிலத்தில் விளைபவை கருப்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று அந்தப் பட்டியல் போகிறது. பறையும் யாழும் அதில் மரத்தோடும் பறவையோடும் ஒரே வரிசையில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, மற்ற நிலத்துக்கு வேறு பறை. கலை நிலத்தில் முளைப்பது என்ற எண்ணத்தை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டிய தேவை தமிழுக்கு இல்லை.

"குடி"யும் அப்படியே. புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார், துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய இந்நான்கையும் விட்டால் வேறு குடி இல்லை என்கிறார். துடி, பறை என்ற கருவிகளாலும் பண்ணாலும் பெயர் பெற்றவர்கள் அங்கே குடி. இவ்விரண்டு சொல்லும் சேர்ந்து நிலத்தையும் மக்களையும் கலையையும் ஒன்றாகக் கட்டுகின்றன. பழசு என்ற சாயல் இல்லை, ஆகவே "சமகால" என்ற அடையும் உறுத்தாமல் முன்னால் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. கனடாவில் "ஃபர்ஸ்ட் நேஷன்ஸ்" என்பது தனிப் பெயர். இனுயிட், மேத்தி மக்கள் அதில் சேரமாட்டார்கள். அந்த இடத்தில் முதல் தேசத்தவர் என்று எழுதி, மூன்றையும் சேர்த்துச் சொல்லும்போது மட்டும் முதற்குடிகள் என்று எழுதுவது தெளிவு.

நிலத்தோடு உள்ள தொடர்பு என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவதில் பயன் இல்லை. அது வேலையில் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அவுஸ்திரேலியாவின் வடகிழக்கு ஆர்னம் நிலத்தில் யோல்ஙு மக்கள் மரப்பட்டையில் வரைகிறார்கள். யூகலிப்டஸ் வகை மரம் ஒன்றின் பட்டையை மழைக்காலத்தில்தான் உரிக்கலாம்; மரத்தில் நீரோட்டம் இருக்கும்போதே அது பிளக்காமல் கழன்று வரும். வெளி நாரைச் சீவி, நெருப்பில் வாட்டி, மண்ணில் விரித்துக் கல் ஏற்றிச் சில நாள் வைப்பார்கள். அவசரப்பட்டு எடுத்தால் மறுபடி சுருண்டு, வரைந்த நிறம் வெடித்து உதிரும். நிறம் செங்காவி, மஞ்சட்காவி, வெண்களிமண், கரி. மெல்லிய குறுக்குக் கோடுகளை மனிதத் தலைமயிர் சில இழைகளைக் கட்டிய தூரிகையால் இழுப்பார்கள். இதை நம் பெயர்ச்சீட்டுகளில் "இயற்கைச் சாயம்" என்று எழுதிவிடுகிறார்கள். சாயம் துணிக்குள் ஊறுவது. இது அரைத்த மண். காவி எந்த இடத்திலிருந்து தோண்டப்பட்டது என்பதும் ஓவியத்தின் பொருளில் பங்கு. ஆகவே "மரப்பட்டையில் காவி" என்று எழுதுங்கள்.

அதே மக்கள் 1963இல், பொக்சைட் சுரங்கத்துக்குத் தம் நிலத்தைக் கேளாமல் ஒதுக்கியதை எதிர்த்து, தம் மொழியிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்த மனுவைப் பட்டையில் ஒட்டி, சுற்றிலும் குல ஓவியம் வரைந்து பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அந்த விளிம்பு ஓவியம் அலங்காரமாக வைக்கப்பட்டது இல்லை. இந்த நிலம் யாருடையது என்பதற்கான உறுதிப்பத்திரம். 1997இல் பெரும் மணற்பாலைவன மக்கள் ஏறக்குறைய 8 மீற்றருக்கு 10 மீற்றர் அளவில் ஒரு துணியில் தம் நிலம் முழுவதையும் சேர்ந்து வரைந்தார்கள். ஙுரார ஓவியம் என்று அதற்குப் பெயர். நில உரிமை விசாரணையில் ஒவ்வொருவரும் தான் வரைந்த பகுதியின் மேல் நின்று, தன் மொழியில் அந்த இடத்தைப் பற்றிச் சாட்சி சொன்னார். 2007இல் உரிமை ஏற்கப்பட்டது. பரம்பரை பரம்பரையாக உழைத்த மண்ணில் லயத்து அறைக்குக்கூட உறுதி இல்லாத மக்களுக்கு இந்தச் செய்தியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, பெயர்ச்சீட்டு எழுதும் முறை. கலைஞர் பெயர், மக்களின் பெயர், நிலத்தின் பெயர், ஊடகம், ஆண்டு என்ற வரிசை போதும். எடுத்துக்காட்டாக: "எமிலி காமெ ங்வரெய், அன்மத்யெர் மக்கள், அல்ஹல்கெரெ நிலம்". எழுபது வயதைத் தாண்டியபின் துணியில் வரையத் தொடங்கி, 1996இல் இறக்கும் வரை ஓயாமல் வரைந்தவர் அவர். "அவுஸ்திரேலிய ஆதிவாசிப் பெண்" என்று மட்டும் எழுதினால் நூற்றுக்கணக்கான மொழிகளும் நிலங்களும் ஒரே சொல்லுக்குள் அமுங்கிவிடும். அவர்கள் ஆங்கிலத்தில் "கன்ட்ரி" என்று சொல்வதை நாடு என்று பெயர்க்காதீர்கள், அரசாங்கம் நினைவுக்கு வரும். நிலம் என்பதே சரி. விளக்கம் வேண்டுமானால் முதலும் கருவும் சேர்ந்த நிலம் என்று ஒரு வரி எழுதலாம்.

"ட்ரீமிங்" என்பதைக் கனவு என்று எழுதுவது இன்னொரு பிழை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு மொழியின் சொல்லை வெள்ளையர் அப்படிப் பெயர்த்தார்கள், அது ஒட்டிக்கொண்டது. பாலைவன மொழிகளில் ஜுக்குர்பா என்று சொல்வது நிலத்தை உருவாக்கிய மூத்தோரின் செயல், அதிலிருந்து வரும் நெறி, இன்றும் நடந்துகொண்டிருக்கும் காலம் ஆகிய மூன்றும். தூங்கும்போது வருவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. மூலச்சொல்லையே எழுதுங்கள்.

அந்தப் பெயர்களை எழுத நம் எழுத்து வாய்த்த எழுத்து. அங்குள்ள பல மொழிகளில் ட-த, ண-ந-ன, ள-ல என்ற வேறுபாடு உண்டு, ரோமன் எழுத்தில் அதைக் காட்ட அவர்கள் கோடும் இரட்டை எழுத்தும் போட்டுச் சிரமப்படுகிறார்கள். சொல்லின் முதலிலேயே ங வரும். அரிச்சுவடியில் படித்ததோடு மறந்த ஙா, ஙி, ஙு வரிசைக்கு இங்கே வேலை இருக்கிறது. யோல்ஙு என்பதை "யோல்ங்கு" என்று எழுதினால் இல்லாத ஒரு ககரம் நுழைந்துவிடும்.

புள்ளி ஓவியம் பற்றியும் ஒன்று. நடு அவுஸ்திரேலியாவின் பபுன்யா என்ற குடியிருப்பில் 1971இல் அக்ரிலிக் ஓவிய இயக்கம் தொடங்கியபின், வெளியார் பார்க்கக்கூடாத சடங்கு உருக்களைப் பல ஓவியர் புள்ளிகளால் மூடினார்கள். அந்தப் புள்ளிகளைப் பாடசாலையில் பானைமேல் பிரதி பண்ணிக் கைவினை என்று வைப்பது, இன்னொருவர் வீட்டுத் திரையைக் கழற்றி வந்து மாட்டுவது போன்றது. பிள்ளைகளுக்கு அந்த ஓவியத்தைக் காட்டுங்கள், யாருடையது என்று சொல்லுங்கள், வரைவதற்குத் தம் ஊரைத் தேடச் சொல்லுங்கள். இறந்தவரின் படமோ பெயரோ காட்சியில் இருந்தால் வாசலிலேயே அறிவித்தல் வைப்பது அம்மக்களின் வழக்கம். நாமும் அதை விடாமல் செய்ய வேண்டும்.

மலையகக் கலைஞர் முதற்குடிக் கலைஞரா என்ற கேள்வி வரும். இல்லை. 1820களிலிருந்து கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். வன்னியல எத்தோ வாழும் தம்பானையும் பதுளை மாவட்டத்தில்தான் இருக்கிறது, பசறைத் தேயிலையும் அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1983இல் மாதுரு ஓயா தேசியப் பூங்கா வந்தபோது வேட்டைக்காட்டை இழந்தவர்கள் வன்னியல எத்தோ. முதற்குடி என்ற பெயரை நாம் எடுத்துக்கொண்டால் அவர்களுடைய இழப்பு மறைந்துபோகும். நம்மவருக்கு மலையகக் கலைஞர் என்ற பெயரே முழுமையானது, இடத்தின் பெயரை மக்கள் தம் பெயராக ஆக்கிக்கொண்டது அது.

நிலத்தொடர்பு அதனால் குறைந்துவிடாது. காமன் கூத்துக்கு மாசியில் கம்பம் ஊன்றும் காமன் பொட்டலைத் தோட்டம் கைமாறினாலும் மக்கள் விடுவதில்லை. விடியுமுன் வேலைக்கு ஆள் கூட்ட அடித்த தோற்கருவியான பிரட்டுத் தப்பு, கூத்துக்கும் அடிக்கிற அதே தப்பு. பனி இறங்கும் நுவரெலியாப் பக்கத்தில் தோல் ஈரம் வாங்கித் தொய்ந்துவிடும், ஒலி அடைபடும். கவ்வாத்து மிலாறு (வெட்டிய தேயிலைக் குச்சி), வைக்கோல், கடதாசி எதையாவது மூட்டி, சட்டென எரியும் தீயில் தப்பைத் திருப்பித் திருப்பிக் காய்ச்சுவார்கள். ஒரே இடத்தில் காட்டினால் தோல் கருகி வெடிக்கும். தேயிலையை விறகாக்கித் தோலைக் காய்ச்சுகிற அந்தச் செயலை "பறை இசைத்தல்" என்று சீட்டில் சுருக்கிவிடாமல், தப்பு என்றே எழுத வேண்டும். துணி தப்புதல் என்கிறோமே, அந்த அடித்தல்தான் அது. குற்றம் என்ற பொருள் வேறு. ஹட்டனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் தேயிலையையே தன் ஓவியப் பொருளாக எடுத்துக்கொண்டவர். அவரது சீட்டில் "கலப்பு ஊடகம்" என்று போடுவதை விடத் தேயிலை என்று போடுவது நேர்மை.

எழுத்து முறை: முதல் + குடி = முதற்குடி; கலைஞர் சேரும்போது வல்லினம் மிகும், முதற்குடிக் கலைஞர். பன்மை முதற்குடிகள், மக்கள் என்று சொல்ல முதற்குடி மக்கள். செடி, மரம், விலங்குக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம். அவற்றுக்கு உள்நாட்டு இனம் என்பதே போதும்.