குழந்தைகள் அமைப்புக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுக்க வருகிறீர்களா?

குன்னூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கடை வேலை போக மிச்ச நேரத்தில், நீலகிரியில் குழந்தைகள் உரிமைக்காக இயங்கும் ஓர் அமைப்புக்குக் கம்ப்யூட்டர், பிரிண்டர், நெட் எல்லாவற்றையும் காசு வாங்காமல் பார்த்துக் கொடுக்கிறேன். ஐடி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கும் தம்பிகளும் கல்லூரி முடித்த தங்கைகளும் "நாங்களும் வரட்டுமா அண்ணா?" என்று கேட்கிறார்கள். தாராளமாக வரலாம், ஆளுக்கு எப்போதும் தட்டுப்பாடுதான். ஆனால் கடையில் பழகிய கை இங்கே அப்படியே ஒத்துவராது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கடைக்கு வரும் லேப்டாப்பில் கல்யாண ஆல்பம் இருக்கும், ஜிஎஸ்டி கணக்கு இருக்கும். இந்த அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் இருப்பது வேறு சமாச்சாரம். எந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நின்றது, யாருக்குக் கல்யாணம் பேசினார்கள், எந்த வீட்டில் அப்பா குடித்துவிட்டு அடிக்கிறார், குழந்தைகள் நலக் குழு முன்னால் ஒரு பிள்ளை என்ன சொன்னது என்பதெல்லாம் ஃபோல்டர் ஃபோல்டராகக் கிடக்கும். "பிரிண்டர் வரமாட்டேங்குது தம்பி, கொஞ்சம் பாருப்பா" என்று களப்பணியாளர் அக்கா எழுந்து இடம் கொடுக்கும்போது, அச்சடிக்க நினைத்த ஃபைல் திரையில் திறந்தபடியே இருக்கும். அவருக்கு நாம் வீட்டுப் பிள்ளை மாதிரி. கூச்சப்படாமல், "அதை மூடிட்டுக் கொடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். டெஸ்ட் பிரிண்ட் எடுக்க அந்த ஃபைல் தேவையே இல்லை, விண்டோஸிலேயே சோதனைப் பக்கம் இருக்கிறது.

சட்டமும் இதில் கறாராக இருக்கிறது. சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 74ஆம் பிரிவுப்படி, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை, சட்டத்துக்கு முரணாக நடந்ததாகச் சொல்லப்படும் குழந்தை, பாதிக்கப்பட்ட அல்லது சாட்சியான குழந்தை ஆகியோரின் பெயர், முகவரி, பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் எந்த ஊடகத்திலும் வெளியிடக்கூடாது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் இதே தடையைப் போடுகிறது. பத்திரிகைக்காரர்களுக்கு மட்டும் சொன்னது என்று நினைத்துவிட வேண்டாம். 74ஆம் பிரிவில் வேறு எந்தத் தகவல் தொடர்பு வழியானாலும் என்று சேர்த்தே இருக்கிறது. வாட்ஸ்அப் குரூப்பும் அதில் வரும்.

சென்னையில் உட்கார்ந்து "எட்டாம் வகுப்புப் படிக்கும் சிறுமி" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. மலையில் அப்படி இல்லை. தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான ஒரு மந்தில் சில வீடுகள்தான் இருக்கும். பணியர் பழங்குடிக் காலனியில் எட்டாம் வகுப்பு வரை போன பெண் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். எஸ்டேட் லைன் வீடுகளில் "ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பம், மூத்த பெண்" என்று சொன்னால் போதும், கங்காணியிலிருந்து கடைக்காரர் வரை எல்லோருக்கும் தெரிந்துவிடும். பந்தலூர்ப் பக்கம் ஒரு மினி பஸ்ஸில் பேசியது அடுத்த மினி பஸ்ஸுக்கு முன்னால் தேவாலா போய்ச் சேரும். ஆகவே பெயர்க் கட்டத்தை அழித்துவிட்டால் ஆயிற்று என்று இங்கே இருந்துவிட முடியாது. ஊர், வகுப்பு, சமூகம், வயது, அப்பாவின் வேலை என்பவற்றில் ஏதாவது இரண்டு சேர்ந்தாலே ஆளைக் காட்டிவிடும். நன்கொடையாளர்களுக்கு அனுப்பும் அறிக்கையில் தாலுகா பெயருடன் நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். குந்தா மாதிரிச் சின்னத் தாலுகா என்றால் அதையும் விட்டுவிட்டு மாவட்டம் என்று போட்டால் போதும்.

இதற்கு அமைப்பில் யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள், எல்லோரும் கவனமாகத்தான் மறைக்கிறார்கள். மறைத்தது மறைந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதைப் பார்க்கத்தான் நம்மைப் போல ஓர் ஆள் வேண்டும்.

எக்செல்லில் பெயர் இருக்கும் பத்தியை மறைத்துவிட்டு அனுப்புவார்கள். வாங்கியவர் வலது பக்கப் பொத்தானை அமுக்கி, மறைத்ததைக் காட்டு என்றால் பத்தி திரும்ப வந்துவிடும். வேர்டில் குழந்தையின் முகம் தெரியாதபடி படத்தை வெட்டியிருப்பார்கள். வெட்டிய பகுதியை நீக்கு என்று தனியாகக் கட்டளை கொடுக்காத வரை முழுப்படமும் ஃபைலுக்குள்ளேயே இருக்கும், இழுத்தால் முகம் வரும். பிடிஎஃப்பில் பெயர் மேல் கறுப்புக் கட்டம் வைத்திருப்பார்கள். அந்த வரியைத் தேர்வு செய்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினால் பெயர் அப்படியே விழும். போனில் மார்க்கர் கொண்டு முகத்தைக் கிறுக்குவது இன்னும் மோசம். அந்தக் கறுப்பு பல போன்களில் முழுக் கறுப்பு கிடையாது, வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்டையும் கூட்டினால் கண்ணும் மூக்கும் எட்டிப் பார்க்கும். இதை ஒரு கூட்டத்தில் செய்து காட்டினேன். அதற்கு முன்னால் எத்தனை முறை வாயால் சொல்லியும் ஏறாதது, திரையில் கிறுக்கலுக்கு அடியிலிருந்து முகம் வெளியே வந்ததும் ஏறியது. (என் சொந்தப் படத்தில்தான் செய்து காட்டினேன். குழந்தையின் படத்தை எடுத்துச் செய்து காட்டாதீர்கள்.) முகத்தைத் துளியும் ஊடுருவித் தெரியாத நிறத்தால் மூடி, அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அந்த ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம் படத்தின் ஓரங்களையும் பாருங்கள். முகத்தில் ஸ்மைலி ஒட்டியிருக்கும், பின்னால் எஸ்டேட் பெயர்ப்பலகை பளிச்சென்று தெரியும். யூனிஃபார்மில் பள்ளி முத்திரை இருக்கும்.

போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் பதிவாகியிருக்கலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த விவரம் கழன்றுவிடும். தெளிவாக வேண்டும் என்று டாக்குமென்ட்டாக அனுப்பினால் கூடவே போகும். கேமரா செட்டிங்கில் லொகேஷனை அணைத்துவிடுவதுதான் சுலபம். களப்பணியாளர்கள் பெரும்பாலும் சொந்தப் போனைத்தான் பயன்படுத்துகிறார்கள், அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அதே போனில்தான் அவர் வீட்டுப் பிள்ளை கேம் ஆடும். கூகுள் போட்டோஸ் தானாக மேலே ஏற்றுவதையும், வாட்ஸ்அப் படங்கள் கேலரியில் போய் உட்காருவதையும் நிறுத்திக் கொடுத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அலுவலகக் கம்ப்யூட்டரில் யாருடைய வாட்ஸ்அப் வெப் திறந்தபடி கிடக்கிறது என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

இனி தேதி. இது வெறும் செட்டிங்ஸ் விவகாரம் மாதிரித் தெரியும், ஆனால் எனக்கு இதில்தான் பயம் அதிகம். நன்கொடையாக வரும் லேப்டாப்புகளில் பெரும்பாலும் அமெரிக்கத் தேதி முறை இருக்கும், மாதம் முதலில், நாள் அடுத்து. நம் ஆட்கள் நாளை முதலில் அடிப்பார்கள். 23/08/2011 என்று அடித்தால் 23ஆம் மாதம் என்று ஒன்று இல்லாததால் எக்செல் அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும், கட்டத்தின் இடது பக்கம் ஒட்டி நிற்கும். 05/12/2007 என்று அடித்தால் சத்தமில்லாமல் மே 12 என்று எடுத்துக்கொள்ளும், வலது பக்கம் ஒட்டி நிற்கும். டிசம்பரில் பிறந்த பெண்ணுக்கு ஏழு மாதம் கூடிவிடும். 2025 ஆகஸ்டில் அவளுக்குக் கல்யாணம் என்று தகவல் வந்து, பட்டியலைத் தட்டிப் பார்த்தால் 18 முடிந்துவிட்டது என்று காட்டும். உண்மையில் அவளுக்கு 17தான். 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் பெண்ணுக்கு வைத்த எல்லை 18. போக்சோவுக்கும் 18. குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கும் கட்டாயக் கல்விக்கும் 14. இந்த வேலையில் எல்லாமே வயதை வைத்துத்தான் நிற்கிறது.

வயதுக்குச் சான்று என்று வந்தால் சிறார் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு வரிசை போட்டிருக்கிறது. முதலில் பள்ளிச் சான்று அல்லது மெட்ரிக் சான்று, அது இல்லாவிட்டால் உள்ளாட்சி அமைப்பு தந்த பிறப்புச் சான்று, அதுவும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை போன்ற மருத்துவச் சோதனை. நம் எக்செல் அந்த வரிசையில் எங்கேயும் கிடையாது. ஆனாலும் உடனே கிளம்புவதா, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாமா என்று அக்கா முடிவெடுப்பது அந்த எக்செல்லைப் பார்த்துத்தான். ஆகவே முதல் வேலையாக ரீஜன் செட்டிங்கை இந்தியாவுக்கு மாற்றுங்கள். தேதிப் பத்தியில் மாதத்தை எழுத்தில் வைக்கச் சொல்லுங்கள். பழைய பட்டியலில் சில தேதிகள் இடதிலும் சில வலதிலும் ஒட்டி நின்றால் அந்தப் பட்டியலையே நம்பாதீர்கள், காகிதப் பதிவேட்டை எடுத்துவரச் சொல்லி ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். சலிப்பான வேலைதான்.

பெயரிலும் இதே கதை. பள்ளியில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு எழுத்து, வீட்டில் கூப்பிடுவது வேறொன்று. போதாததற்குப் பழைய ஃபைல்கள் யூனிகோடு அல்லாத பாமினி, வானவில் எழுத்துருக்களில் இருக்கும், தேடினால் அகப்படாது. 2010-லேயே தமிழக அரசு யூனிகோடுக்கு மாறச் சொல்லிவிட்டது, நம் ஃபைல்கள்தான் இன்னும் மாறவில்லை. ஒரு குழந்தைக்கு ஒரு எண் என்று வைத்து, பெயர்ப் பட்டியலைத் தனி ஃபைலில் பூட்டிவிடுங்கள். மறைக்கிற வேலையும் அதில் பாதி முடிந்துவிடும்.

மழைக்காலத்தைப் பற்றி மலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் பிறந்தால் கூடலூர், தேவாலா பக்கம் காகிதம்கூட ஈரத்தில் தொய்ந்துபோகும், பிரிண்டர் மென்று துப்பும். ரேமின் பித்தளை நிறப் பற்களில் பாசி மாதிரி மங்கலாகப் படிந்திருக்கும். பென்சில் ரப்பரால் தேய்த்துப் போட்டால் செத்ததென்று ஒதுக்கிய மெஷின் உயிர் பெறும். மரம் விழுந்து கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. யானை ரோட்டில் நின்றால் நீங்களும் போய்ச் சேர மாட்டீர்கள். அதனால் பேக்கப் எடுக்க அங்கே ஒருவருக்குக் கற்றுக் கொடுத்துவிடுங்கள். பூட்டிய எக்ஸ்டெர்னல் டிஸ்க் ஒன்று, அது இரும்பு பீரோவுக்குள். டிஸ்க்கைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டும் வேராகிரிப்ட் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பாஸ்வேர்டை அந்த டிஸ்க் மேலேயே ஸ்டிக்கராக ஒட்ட வேண்டாம், அவ்வளவுதான்.

பழைய கம்ப்யூட்டர் தானம் செய்ய நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி மெஷினில் வேண்டும், பழைய மெஷின் பலவற்றில் அது இல்லை. உங்கள் கம்பெனி கழித்துக் கட்டுவதை இங்கே கொண்டுவந்து கொட்டினால் குன்னூரில் குப்பை சேரும். ஓரளவு நல்ல மெஷின் என்றால் எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் மின்ட் ஏற்றி, லிப்ரே ஆபீஸுடன் கொடுங்கள், நன்றாகவே ஓடும். இங்கிருந்து கழிக்கும் மெஷினை எக்காரணம் கொண்டும் டிஸ்க்கோடு பழைய சாமான் கடைக்குப் போட விடாதீர்கள். குவிக் ஃபார்மட் போட்ட டிஸ்க்கிலிருந்து இலவச மென்பொருளிலேயே ஃபைல்களை மீட்டுவிடலாம். டிஸ்க்கைக் கழற்றி, அமைப்பின் பொறுப்பாளர் கண் முன்னாலேயே டிரில் போட்டு ஓட்டை போடுங்கள். ரிப்பேருக்கு என்று டிஸ்க்கை வீட்டுக்கோ கடைக்கோ எடுத்துப் போவதும் கூடாது. நான் எடுத்துப் போவதில்லை, அங்கேயே உட்கார்ந்து பார்க்கிறேன், நேரமானால் மறுநாள் வருகிறேன்.

ரிப்பேர் பார்க்கும்போது, இருக்கக்கூடாத ஒன்று கண்ணில் பட்டால் என்ன செய்வது? ஒரு குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்திருக்கிறது என்று தெரியவந்தால், போக்சோ 19ஆம் பிரிவு எல்லோரையும் போல நம்மையும் கட்டுப்படுத்தும். உள்ளூர்க் காவல் நிலையத்திலோ சிறப்புச் சிறார் காவல் பிரிவிலோ சொல்லியாக வேண்டும், சொல்லாமல் விட்டால் 21ஆம் பிரிவில் தண்டனை உண்டு. ஆதாரம் என்று நினைத்து உங்கள் பென் டிரைவில் நகல் எடுக்காதீர்கள், போனில் படம் பிடிக்காதீர்கள், யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள். குழந்தைகள் தொடர்பான பாலியல் காட்சிகளை வைத்திருப்பதே குற்றமாகலாம் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மெஷினை யாரும் தொடாமல் விட்டு, அமைப்பின் பொறுப்பாளரிடம் சொல்லி, போலீஸுக்குத் தகவல் போவதைக் கூடவே இருந்து பாருங்கள். அந்தப் பொறுப்பாளர் மேலேயே சந்தேகம் என்றால் அவரைத் தாண்டி நேராகப் போலீஸுக்குப் போங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-இலும் எந்த நேரமும் பேசலாம்.

இப்படி எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தாலும் ஒரு நாள் உங்களுக்கு வேறு ஊரில் வேலை கிடைக்கும், கிளம்பிவிடுவீர்கள். அப்போது அட்மின் கணக்கு உங்கள் மெயிலில் இருக்கக்கூடாது. வந்த அன்றே அதை அமைப்பின் பெயரில் தொடங்குங்கள். போகிற அன்று டிரைவிலிருந்தும் வைஃபையிலிருந்தும், தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கும் எனிடெஸ்க்கிலிருந்தும் உங்களை நீக்கச் சொல்லி, நீக்கியதை அலுவலகத்தில் ஒருவர் சரிபார்த்த பிறகு சாவியைக் கொடுங்கள்.