நிறமாலை வகை: ஸ்பெக்ட்ரல் டைப்

திருப்பூர்ச் சாயப்பட்டறை ஆய்வகத்தில் 'ஸ்பெக்ட்ரோ' என்றால் ஷேட் பார்க்கும் கருவி. துணியில் பட்டுத் திரும்பும் ஒளியை 400 முதல் 700 நானோமீட்டர் வரை அளந்து, பையர் (துணி வாங்கும் நிறுவனம்) அனுப்பிய மாதிரித் துணியோடு ஒப்பிடும். விண்மீனின் ஒளியைப் பிரித்துப் பார்த்து அதற்குத் தரும் வகையே ஸ்பெக்ட்ரல் டைப். அப்படி வகை பிரிக்கும் கணினி நிரலின் அடிப்படையும் இந்த ஒப்பீடுதான்.

'ஸ்பெக்ட்ரம்' லத்தீன் சொல். தோற்றம் என்று பொருள். முப்பட்டகத்தில் பிரிந்த வண்ணப் பட்டைக்கு அதைச் சூட்டியவர் நியூட்டன். தமிழில் நிறமாலை. தீபமாலையில் வருவதுபோல மாலை என்பது இங்கே வரிசை. செல்போன் ஏலத்தில் வரும் 'அலைக்கற்றை' இங்கே பொருந்தாது.

ஸ்பெக்ட்ரல் டைப்பை 'நிற வகை' என்று சுருக்குவதும் பிழை. டியூப்லைட்டில் ஒத்துப்போன இரண்டு துணிகள் வெயிலில் வேறாகத் தெரிவதைப் பட்டறைக்காரர்கள் அறிவார்கள்: கண்ணுக்கு நிறம் ஒன்று, நிறமாலை வேறு. விண்மீனின் வகையைச் சொல்வது நிறமாலையின் குறுக்கே விழும் கருங்கோடுகள். ஏ வகையில் ஹைட்ரஜன் கோடுகள் மிக ஆழம். எம் வகையில் டைட்டானியம் ஆக்சைடு பட்டைகள். ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்பது வெப்பம் இறங்கும் வரிசை. சூரியன் ஜி2. அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தில் வானியலாளர் ஆனி ஜம்ப் கேனன் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களைக் கண்ணால் பார்த்தே வகைப்படுத்தினார். வெப்பம் மாறினால் கோடுகள் ஏன் மாறுகின்றன என்பதற்கு 1920-இல் இந்திய இயற்பியலாளர் மேகநாத் சாஹாவின் சமன்பாடு விடை தந்தது.

நிரல் முதலில் விளக்கொளியின் தெரிந்த கோடுகளை வைத்து அலைநீளத்தைச் சரிசெய்யும். அடுத்து விண்மீனின் ஓட்டத்தைக் கழிக்கும். வினாடிக்கு 150 கி.மீ. வேகத்தில் விலகினால் 434 நானோமீட்டர் ஹைட்ரஜன் கோடு சுமார் 0.2 நானோமீட்டர் நகர்ந்துவிடும்; கழிக்காமல் ஒப்பிட்டால் கோடு கோட்டின்மேல் விழாது. பிறகு பின்னணி ஒளியால், அதாவது கோடுகள் இல்லாவிட்டால் தெரியும் விண்மீனின் தொடர் ஒளியால், வகுத்துக் கோடுகளை மட்டும் நிறுத்தும். இதைத் தவிர்க்கவே கூடாது: இடையிலுள்ள தூசி நீல ஒளியைத் தின்பதால் சூடான பி விண்மீன்கூட மஞ்சளாகத் தெரியும். எம் வகையில் பட்டைகள் பின்னணியையே விழுங்குவதால் இந்த வகுத்தல் எளிதில் பிசகும்.

கடைசியாக, வகை தெரிந்த மாதிரிகளோடு ஒப்பிட்டு வித்தியாசம் மிகக் குறைந்ததைத் தேர்வு செய்யும். மாதிரிகளைப் பார்த்துக் கற்கும் நிரலான நரம்பு வலையமைப்பைப் (நியூரல் நெட்வொர்க்) பழக்குவதானால் ஓ வகை மாதிரிகள் அரிதாகக் கிடைப்பதால், எண்ணிக்கை மிகுந்த வகைப் பக்கமே அது சாயும். உலோகம் குறைந்த எஃப் விண்மீனை, கால்சியம் கோடு மெலிந்திருப்பதால் ஏ என்று சொல்லிவிடும். ஹைட்ரஜன் கோடுகளுக்கு ஒரு வகை, உலோகக் கோடுகளுக்கு ஒரு வகை என்று தனித்தனியே கேட்டால் இந்தப் பிழை பிடிபடும்.