பின்னம் ஒரே எண்: காகிதப் பட்டையில் தொடங்குவோம்

1/2 + 1/3 = 2/5 என்ற விடையை ஐந்தாம், ஆறாம் வகுப்பு விடைத்தாள்களில் காணாத கணித ஆசிரியர் இருக்க மாட்டார். தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டிவிடும் மாணவரைக் கவனக்குறைவானவர் என்று ஒதுக்குவது சரியன்று. அவருக்குப் பின்னம் என்பது கோட்டுக்கு மேலும் கீழும் உள்ள இரண்டு தனி எண்களாகவே தெரிகிறது. இந்தக் குழப்பம் நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. 1978-இல் அமெரிக்காவில் நடந்த தேசியக் கல்வி மதிப்பீட்டில் 12/13 + 7/8 என்பதன் தோராய மதிப்பு 1, 2, 19, 21 ஆகியவற்றுள் எது என்று கேட்டபோது, 13 வயது மாணவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவரே 2 என்றனர். பாதிக்கும் மேற்பட்டோர் 19 அல்லது 21-ஐத் தேர்ந்தனர்.

வட்டம் வரைந்து நிழலிடும் பயிற்சி அரை, கால் வரை போதுமானது. அதற்கு மேல் மாணவர் துண்டுகளை எண்ணுகிறாரே தவிர அளவைக் காண்பதில்லை. 5/4 என்று எழுதினால், நான்காகப் பிரித்த வட்டத்தில் ஐந்து துண்டுகளுக்கு எங்கே போவது என்று திகைக்கிறார். ஆகவே நான் காகிதப் பட்டையில் தொடங்குவதையே பரிந்துரைப்பேன்.

ஏறத்தாழ 18 செ.மீ. நீளமுள்ள சம அளவுப் பட்டைகளை ஆளுக்குச் சில கொடுத்தால், இரண்டு, நான்கு, எட்டு ஆகிய பிரிவுகள் மடிப்பிலேயே வந்துவிடும். மூன்றாக மடிப்பதுதான் பெரியவர்களுக்கும் கோணலாகும். அதற்குக் கோடு போட்ட நோட்டே போதும்: பட்டையின் ஒரு முனை ஒரு கோட்டிலும் மறுமுனை அதையும் சேர்த்து எண்ணினால் பதின்மூன்றாம் கோட்டிலும் படும்படி சாய்த்து வைத்தால், இடையில் 12 இடைவெளிகள் கிடைக்கும், நான்கு இடைவெளிக்கு ஒரு புள்ளி வைத்தால் மூன்று சம பாகம், மூன்றுக்கு ஒன்று வைத்தால் நான்கு, இரண்டுக்கு ஒன்று வைத்தால் ஆறு. மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) என்ற பெயரைச் சொல்வதற்கு முன்பே அதன் பயன் கைக்கு வந்துவிடுகிறது. (இணைகோடுகள் ஏன் இப்படிச் சமமாக வெட்டுகின்றன என்பது மேல் வகுப்புக்கான கேள்வி.)

இனி அரைப் பட்டையையும் மூன்றில் ஒரு பங்கையும் முனையோடு முனை சேர்த்து, முழுப் பட்டையின் கீழே வைக்கச் சொல்லுங்கள். முழுமையை எட்ட ஆறில் ஒரு பங்கே குறையும். பக்கத்தில் 2/5 பட்டையை வைத்து, "அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா?" என்று கேட்டால் போதும், பெரும்பாலும் பிள்ளையே தன் விடையை அழித்துவிடும்.

அடுத்து வராந்தாவில் சாக்பீஸால் 0 முதல் 2 வரை நீண்ட எண்கோடு வரைந்து, 3/8, 4/4, 5/4, 7/8, 5/6 என்ற அட்டைகளோடு மாணவர்களை உரிய இடத்தில் நிற்கச் செய்யலாம். இதில் கிடைக்கும் வாக்குவாதமே பாடம். 7/8, 5/6 ஆகியவற்றுள் எது பெரிது என்பதற்குப் பகுதியைச் சமமாக்க வேண்டியதில்லை. ஒன்றை எட்ட முதலாவதற்கு 1/8 குறைகிறது, இரண்டாவதற்கு 1/6 குறைகிறது என்று யாரேனும் ஒருவர் சொல்லும்வரை ஆசிரியர் வாய் திறக்காதிருப்பது நல்லது.

திண்ணைப் பள்ளிகளில் கீழ்வாய் இலக்கமாக, அதாவது ஒன்றுக்குக் கீழ்ப்பட்ட பின்னங்களின் வாய்பாடாக, மனனம் செய்த கணக்கிலும் நல்ல பயிற்சி உண்டு. மா என்பது 1/20, காணி என்பது 1/80. இரண்டையும் கூட்டினால் மாகாணி, அதாவது 1/16 வருகிறதா என்று ஆறாம் வகுப்பில் சரிபார்க்கச் சொல்லலாம்.

வகுத்தலில்தான் பலரும் அவசரப்படுகிறோம். "தலைகீழாக்கிப் பெருக்கு" என்ற விதியைச் சொல்லுமுன், இரண்டு பட்டைகளில் எத்தனை கால் துண்டுகள் என்று வெட்டி எண்ணினால் 2 ÷ 1/4 = 8 என்பது தெளிவாகும். பிறகு 1 ÷ 2/3 கேளுங்கள். 2/3 துண்டு ஒன்று போக மூன்றில் ஒரு பங்கு மீந்துவிடுவதால், பலர் விடையை ஒன்றே மூன்றில் ஒன்று என்பார்கள். மறுத்துச் சொல்லாமல், மீந்த துண்டை 2/3 துண்டின் மேலேயே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது அந்தத் துண்டில் சரிபாதி. எனவே விடை ஒன்றரை, அதாவது 3/2.