பின்தொடர வேண்டாம், கண்காணியுங்கள்

"இந்நோயாளிகளை ஆயுள் முழுவதும் பின்தொடர வேண்டும்." முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கான ஒரு கையேட்டில் மூன்றாவது தடவையாக இதைப் படித்ததும் எரிச்சல் வந்துவிட்டது. ஆங்கில 'ஃபாலோஅப்'பைத்தான் இப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள். எதற்காகப் பின்தொடர வேண்டும்? கடன் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டார்களா?

நோயின் பெயர் 'நியூரோஜெனிக் பிளாடர்', அதாவது நரம்பு கெட்டதால் சிறுநீர்ப்பை சரியாக வேலை செய்யாமல் போவது. கிரேக்க 'நியூரான்' முதலில் தசைநாண். நம் நரம்பும் பழந்தமிழில் யாழில் கட்டியதுதான். 'ஜெனிக்' என்றால் அதனால் உண்டானது. இதைப் போய் 'நரம்பியல் சிறுநீர்ப்பை' என்கிறார்கள். இயல் என்பது படிப்பு. சிறுநீர்ப்பை எந்தக் கல்லூரியில் படித்தது? 'நரம்புவழிச் சிறுநீர்ப்பைக் கோளாறு' என்றால் போதும்.

சரி, 'ஃபாலோஅப்'புக்கு வருவோம். 'ஃபாலோ'வுக்குப் 'பின்தொடர்' என்று போட்டாயிற்று. 'அப்' எங்கே போயிற்று? 'கண்காணிப்பு' என்று போடலாமே என்று மொழிபெயர்க்கும் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். கண்காணிப்பு என்றால் போலீஸ் வாடை அடிக்கிறதாம், தேயிலைத் தோட்டத்துக் கங்காணி நினைவுக்கு வருகிறாராம். கண்காணிதான் இலங்கையிலும் மலேயாவிலும் கங்காணி ஆனார், மறுக்கவில்லை. ஆனால் திருமூலர் இறைவனையே கண்காணி என்கிறாரே! தோட்டத்தில் நடந்த கொடுமைக்குச் சொல் என்ன செய்யும்? போலீஸ் வாடைக்குப் பயந்து, ஒற்றன் செய்யும் வேலையையே பெயராக வைத்திருக்கிறார்கள்.

இந்த நோய்க்குக் கண்தான் வேண்டும். நரம்பு செத்த இடத்தில் பை நிரம்பியதும் தெரியாது, வலியும் தெரியாது. உள்ளே அழுத்தம் ஏறி, சிறுநீர் மேல்நோக்கித் திரும்பி, சிறுநீரகம் சத்தமில்லாமல் வீங்கும். தண்டுவடக் குறையோடு பிறந்த குழந்தைகளை ஆராய்ந்த மருத்துவர் மக்வயரின் குழு, சிறுநீர் கசியும்போது பையின் அழுத்தம் 40 செ.மீ. உயர நீரின் அழுத்தத்தைத் தாண்டினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து என்று 1981இல் எழுதியது. அதனால்தான் அழுத்தத்தை அளப்பது, குறித்த காலத்தில் ஸ்கேன், ரத்தத்தில் கிரியேட்டினின் பார்ப்பது எல்லாம். கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் கூடும். தசை மெலிந்தவருக்குக் கிரியேட்டினின் நல்லபடியாகவே காட்டி ஏமாற்றும். அதை நம்பி ஸ்கேனை விடக் கூடாது. 1972இல் மருத்துவர் லேபிடஸ் பரப்பிய முறைப்படி நோயாளி தானே சுத்தமாகக் குழாய் போட்டுச் சிறுநீரை எடுத்துக்கொண்டாலும் இதெல்லாம் நிற்காது. பின்தொடர்பவர் கேடு வந்த பிறகு வந்து சேர்வார். கண்காணிப்பவர் அதற்கு முன்பே பார்த்துவிடுவார்.

தையல் பிரிக்க ஒரு தடவை வருவதற்கு 'மறுவருகை' போதும். ஆயுள் முழுவதுக்கும் என்றால் 'தொடர்கண்காணிப்பு'. இரண்டையும் பின்தொடர்தலில் போட்டுக் குழப்பிவிட்டு, அதற்குக் கலைச்சொல் என்று பெயர் வேறு. வார்டில் நர்ஸம்மா "ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கேன் எடுத்துட்டு வந்துடுங்க" என்கிறார். கையேட்டை அவரிடமே எழுதச் சொல்லியிருக்கலாம்.