‘சிப்பு போச்சு’ என்று சொல்வதற்கு முன்: உப்புக்காற்று ஊரில் போர்டுக்குப் புரோகிராம் ஏறாதபோது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கத்து விசைப்படகுகளுக்கு அப்போதுதான் மராமத்து நடக்கும். எஞ்சின் வேலை, பெயின்ட் வேலையோடு ‘அந்தத் தண்ணி அலாரம் போர்டையும் ஒரு பார்வை பாருங்க’ என்று எங்களிடமும் வருவார்கள். மற்ற மாதங்களில் தொண்டி, தேவிபட்டினம் பக்கத்து இறால் பண்ணைகளின் ஏரேட்டர் (குளத்துத் தண்ணீரில் காற்றைக் கலக்கும் எந்திரம்) கன்ட்ரோலர்கள் வரும், வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களின் பம்ப் டைமர்கள் வரும். பெரும்பாலும் பாலிடெக்னிக் முடித்த உள்ளூர்ப் பையன்களே வரைந்து, பிசிபியை (பாகங்களைப் பொருத்தும் வெறும் சர்க்யூட் பலகையை) ஆன்லைனில் அடித்து வாங்கி, தாங்களே சால்டர் பண்ணிய போர்டுகள். வேலை சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் புரோகிராம் ஏறாது. ஏறவில்லை என்றதும் எல்லோரும் சொல்வது ஒன்றே: “அண்ணே, சிப்பு போச்சுண்ணே.”

பத்தில் ஒன்பது பேரின் சிப் நன்றாகத்தான் இருக்கிறது. நல்ல சிப்பை ஹாட் ஏர் காட்டிக் கழற்றி, அதோடு பிசிபியின் பேடையும் (கால் ஒட்டும் செம்புத் திட்டையும்) பிய்த்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஏடிமெகா328பி என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப்பை வைத்துப் பேசலாம், இந்தப் பக்கம் வருவதில் அதுதான் அதிகம். யூஎஸ்பி ஏஎஸ்பி என்ற புரோகிராமரை (சிப்புக்குள் புரோகிராம் ஏற்றும் கருவி) மாட்டி, லேப்டாப்பில் ஏவிஆர்டியூட் என்ற மென்பொருளை ஓட்டினால் ‘டார்கெட் டஸ்ன்ட் ஆன்சர்’ என்று வருகிறது. கூப்பிட்டேன், பதில் இல்லை என்பதற்கு மேல் அந்த வரியில் எதுவும் இல்லை. சிப் செத்ததாக அது சொல்லவே இல்லை. உள்ளே நடப்பது இவ்வளவுதான்: புரோகிராமர் ரீசெட் காலைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு ஹெக்ஸ் எண்ணில் AC, 53 என்று தொடங்கும் நான்கு பைட்டுகளை அனுப்புகிறது. மூன்றாவது பைட் போகும் நேரத்தில் சிப் அந்த 53-ஐத் திருப்பிச் சொல்ல வேண்டும். இந்த ஒற்றை எதிரொலி வருவதற்கு சப்ளை இருக்க வேண்டும், ரீசெட் கீழே இறங்க வேண்டும், சிப்புக்குள் கிளாக் (அது வேலை செய்வதற்கான தாளத் துடிப்பு) ஓட வேண்டும், மோசி (சிப்புக்குள் போகும் டேட்டா), மிசோ (சிப்பிலிருந்து வரும் டேட்டா), எஸ்சிகே (இரண்டுக்கும் தாளம்) மூன்று கோடும் சுத்தமாக இருக்க வேண்டும். இதில் எது விட்டுப்போனாலும் வருவது அதே வரிதான்.

இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கடையில் வாங்கிய வெறும் சிப்பில் பூட்லோடர் (யூஎஸ்பி சீரியல் வழியாகப் புரோகிராமை வாங்கிக்கொள்ளும் சின்னப் புரோகிராம்) இருக்காது. அதை நேராக யூஎஸ்பி சீரியலில் மாட்டி ஆர்டுயினோவில் அப்லோடு அழுத்தினால் ‘நாட் இன் சிங்க்’ என்று மட்டுமே வரும், எத்தனை தடவை அழுத்தினாலும் சரி. முதலில் ஆறு பின் ஐஎஸ்பி (புரோகிராமர் சிப்போடு நேராகப் பேசும் இணைப்பு) வழியாக பூட்லோடரை ஏற்ற வேண்டும், அல்லது நம் புரோகிராமையே ஐஎஸ்பியில் ஏற்றிவிட வேண்டும். அப்புறம் கேபிள். போனுக்குச் சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் டேட்டா வயரே கிடையாது. சிரிக்க வேண்டாம், இதற்காகவே கீழக்கரையிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் உண்டு.

சரி, சப்ளைக்கு வருவோம். “5 வோல்ட் வருதா தம்பி?” என்று கேட்டால் “வருதுண்ணே” என்பார்கள். எங்கே வைத்துப் பார்த்தாய் என்றால் ரெகுலேட்டரின் காலில். ரெகுலேட்டரில் இருப்பது சிப்புக்கு வந்து சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. சதுர வடிவ 32 கால் சிப்பில் 4, 6 இரண்டும் விசிசி (சப்ளை), 18 ஏவிசிசி (அனலாக் பகுதிக்கான சப்ளை), 3, 5, 21 மூன்றும் கிரவுண்டு. மீட்டரின் ஒரு முனையை விசிசி காலிலேயும் மறுமுனையை கிரவுண்டு காலிலேயும் வைக்க வேண்டும். கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவில் மாட்டிவிட்டுப் பார்த்தால் நடுவில் அறுந்த கிரவுண்டு தெரியாது. ஏவிசிசியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். “நான் ஏடிசி (அனலாக் வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) யூஸ் பண்ணலையே” என்பது காரணம். ஏடிசி பயன்படுத்தாவிட்டாலும் அதை விசிசியோடு இணைக்கச் சொல்லி டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது. ஒவ்வொரு சப்ளை காலுக்கும் ஒட்டி ஒரு 104 (0.1 மைக்ரோஃபாரட்) கெப்பாசிட்டர் வேண்டும். போர்டின் மூலையில் ஒன்றே ஒன்று வைத்தால் கணக்கில் சேராது.

போர்டில் லோரா மாட்யூல் (தூரத்துக்கு டேட்டா அனுப்பும் ரேடியோ) இருந்தால் இன்னொரு கவனமும் வேண்டும். அது 3.3 வோல்ட்டுக்கானது, சிப்பின் அதே மூன்று கோடுகளில்தான் தொங்கும். புரோகிராமரின் ஜம்பரை 3.3-க்கு மாற்றினால் போதும் என்று நினைக்காமல், கோடுகளில் என்ன வோல்டேஜ் வருகிறது என்றும் மீட்டர் வைத்துப் பாருங்கள். மலிவான சில புரோகிராமர்களில் சப்ளை மட்டும் மாறும், கோடுகள் 5 வோல்ட்டிலேயே இருக்கும்.

இப்போது சொல்லப்போவதை மட்டுமாவது யாரும் தாண்டிப் போக வேண்டாம். பம்ப் டைமர், ஏரேட்டர் போர்டுகளில் செலவைக் குறைக்க டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல், 230 வோல்ட்டை ஒரு கெப்பாசிட்டர் வழியாகக் குறைத்து, பிரிட்ஜும் ஜீனரும் போட்டு 5 வோல்ட் எடுப்பவர்கள் உண்டு. மஞ்சள் நிறத்தில் பெட்டி மாதிரி ஒரு கெப்பாசிட்டர் இருந்து, டிரான்ஸ்ஃபார்மரோ தனி எஸ்எம்பிஎஸ் மாட்யூலோ (சார்ஜருக்குள் இருப்பது மாதிரியான பவர் சப்ளை) கண்ணில் படவில்லை என்றால் அது இந்த வகை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த போர்டில் ‘கிரவுண்டு’ என்று எழுதியிருப்பது பூமியும் இல்லை, பாதுகாப்பான புள்ளியும் இல்லை. பிளக்கை எந்தப் பக்கம் செருகினார்கள் என்பதைப் பொறுத்து அது நேரடி ஃபேஸாகவே இருக்கும். மெயின்ஸ் ஓடும்போது புரோகிராமரைச் செருகினால் அந்த ஃபேஸ் யூஎஸ்பி வயர் வழியாக லேப்டாப்புக்கு வந்துவிடும். சார்ஜர் எர்த்தோடு இருந்தால் லேப்டாப்பின் யூஎஸ்பி போர்ட் கருகும், சில நேரம் மதர்போர்டும் சேர்ந்து போகும். பேட்டரியில் ஓடும் லேப்டாப் என்றால் அதன் உலோகப் பாகங்களில் கரண்ட் நிற்கும், அதன்மேல் உங்கள் கை இருக்கும். பண்ணைக் கரையில் உப்புத் தண்ணீர் ஊறிய மண்ணில் ஈரக்காலோடு நிற்கிறோம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். “ஒரு நிமிஷ வேலைதானே, ஓடுற ஏரேட்டரை நிறுத்த வேணாம்” என்று ஓனர் சொல்வார். ராத்திரியில் ஏரேட்டர் நின்றால் விடிவதற்குள் குளத்தில் ஆக்சிஜன் இறங்கி இறால் மிதந்துவிடும், அவர் பயமும் நியாயம்தான். அதற்கு வழி, ஏரேட்டரை கன்ட்ரோலர் இல்லாமல் நேரடி ஸ்டார்ட்டரில் ஓடவிட்டு, போர்டை மெயின்ஸிலிருந்து முழுசாகக் கழற்றி எடுத்துக்கொள்வது. அப்புறமும் அந்த மஞ்சள் கெப்பாசிட்டர் இறங்கிவிட்டதா என்று மீட்டரில் பார்த்துவிட்டு, புரோகிராமரின் 5 வோல்ட்டிலேயே போர்டை எழுப்பி வேலை பாருங்கள்.

ரீசெட் கால் எளிது. 10 கே ரெசிஸ்டர் ஒன்று விசிசிக்குப் போக வேண்டும், சும்மா இருக்கும்போது மீட்டர் 5 காட்ட வேண்டும், ஏற்றும்போது பூஜ்யத்துக்கு அருகே வர வேண்டும். நாய்ஸ் வரக் கூடாது என்று அந்தக் காலில் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்த போர்டுகளையும் பார்த்திருக்கிறேன். அவ்வளவு பெரிசு வைத்தால் புரோகிராமர் இழுக்கும் வேகத்துக்கு ரீசெட் இறங்காது.

கிளாக்கில்தான் ஆட்கள் உண்மையாகவே மாட்டிக்கொள்கிறார்கள். புது சிப் உள்ளுக்குள் இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். ஐஎஸ்பி வேகம் அதில் நாலில் ஒரு பங்குக்குக் கீழே, அதாவது 250 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்க வேண்டும். புரோகிராமர் அதைவிட வேகமாகப் பேசினால் சிப்புக்கு எதுவும் விளங்காது. ஏவிஆர்டியூடில் மைனஸ் பி 10 (-B 10) கொடுத்தால் 100 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். பாதிப் பேருக்குப் பிரச்சினை இதோடு முடிந்துவிடும்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. கிரிஸ்டல் (வெளியிலிருந்து கிளாக் தரும் பாகம்) இல்லாத போர்டில் ஆர்டுயினோ ஊனோவின் பூட்லோடரை ஏற்றினால், கூடவே ‘வெளியிலிருந்து 16 மெகாஹெர்ட்ஸ் வரும்’ என்று ஃபியூஸ் பிட்டும் (சிப்புக்குள் நிலையாகப் பதியும் செட்டிங்) எழுதப்படும். அடுத்த தடவையிலிருந்து சிப் வாய் திறக்காது. சாகவில்லை, கிளாக்குக்காகக் காத்திருக்கிறது. இன்னொரு ஊனோவின் 9-ம் பின்னில் டைமர் மூலம் 1 மெகாஹெர்ட்ஸ் எடுத்து எக்ஸ்டால்1 காலில் (வெளிக் கிளாக் நுழையும் கால்) கொடுங்கள், சதுர சிப்பில் அது 7-ம் கால். கிரவுண்டை இணைக்க மறக்க வேண்டாம். மெதுவான வேகத்தில் ஃபியூஸை மாற்றினால் மீண்டுவிடும். ரீசெட்டையே முடக்கும் ஃபியூஸைத் தொட்டிருந்தால் மட்டும் இது நடக்காது, அதற்கு 12 வோல்ட் ஹை வோல்டேஜ் புரோகிராமர் வேண்டும்.

நம்ம ஊருக்கே உரிய தொல்லையும் இந்தக் கிரிஸ்டலில்தான். தொண்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு போர்டு மதியம் புரோகிராம் ஏறும், காலையில் ஏறாது. பையன் மூன்று கேபிளும் ஒரு லேப்டாப்பும் மாற்றிப் பார்த்துவிட்டான். லென்ஸில் பார்த்தால் கிரிஸ்டலின் இரண்டு காலுக்கும் நடுவில் பழுப்பாக ஃபிளக்ஸ் (சால்டர் ஒட்ட உதவும் பசை) படிந்து, மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துக் கரைந்து போகும். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் இருப்பதால் அதற்குக் கீழேயே இழுக்க ஆரம்பித்துவிடும். விடிகாலையில் நம் கரையில் அந்த ஈரம் சாதாரணம். அப்போது ஃபிளக்ஸோடு சேர்ந்த உப்பு, இரண்டு காலுக்கும் நடுவே ஒரு மெல்லிய ரெசிஸ்டராக மாறிவிடும். கிரிஸ்டல் ஆடுவதற்கு அந்தக் கசிவே தடை. வெயில் ஏறியதும் காய்ந்து சரியாகிவிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஊற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, காயவைத்தோம். அப்புறம் எந்த நேரத்திலும் ஏறியது. ‘நோ கிளீன்’ ஃபிளக்ஸ் என்று பாட்டிலில் எழுதியிருந்தாலும், கச்சான் காற்றடிக்கும் கரைக்குப் போகிற போர்டு என்றால் நான் கழுவாமல் அனுப்புவதில்லை.

புரோகிராம் ஏறி, கடைசியில் சரிபார்க்கும்போது மட்டும் ‘வெரிஃபிகேஷன் எரர்’ வந்தால் கோடுகளில் வேறு யார் தொங்குகிறார்கள் என்று பாருங்கள். படகு அலாரம் போர்டு ஒன்றில் மோசி கோட்டிலேயே ரிலே டிரான்சிஸ்டரை மாட்டியிருந்தார்கள். புரோகிராம் ஏற்றும்போது ரிலே படபடவென்று அடித்தது, அந்தச் சத்தமே காரணத்தைச் சொல்லிவிட்டது. அந்தச் சின்ன 5 வோல்ட் ரிலே 70 மில்லிஆம்ப் அளவுக்கு இழுக்கும், ஒவ்வொரு அடிக்கும் சப்ளை தாழும், எழுதின பைட் தப்பாகும். ரிலேயின் சப்ளையைக் கழற்றியதும் முதல் தடவையிலேயே ஏறியது. எஸ்பிஐ சென்சார் (அதே மூன்று கோடுகளில் பேசும் சென்சார்) இருந்தால் அதன் சிப் செலக்ட் காலுக்கு ஒரு புல் அப் ரெசிஸ்டர் (காலை விசிசி பக்கம் இழுத்து வைப்பது) வையுங்கள். இல்லாவிட்டால் புரோகிராமிங் நேரத்தில் அதுவும் மிசோவில் பேச ஆரம்பித்துவிடும்.

சிக்னேச்சரை (சிப் தன் வகையைச் சொல்லும் மூன்று பைட் எண்) படிக்கப் பழகுங்கள். 328பி என்றால் 1இ 95 0எஃப். பூஜ்யமாகவே வந்தால் மிசோ கீழே சிக்கியிருக்கிறது அல்லது சிப் எழவேயில்லை. எல்லாம் எஃப்எஃப் என்றால் மிசோ எங்கோ அறுந்து மேலே மிதக்கிறது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் என்றால் வேகம், நீள வயர், கிரவுண்டு என்று தேடுங்கள். தெளிவாக 1இ 95 14 வருகிறதா? சிப் நன்றாக இருக்கிறது, அது பி இல்லாத 328, விற்றவர் மாற்றிக் கொடுத்திருக்கிறார். மைனஸ் எஃப் (-F, சிக்னேச்சர் பொருந்தாவிட்டாலும் ஏற்று என்ற கட்டளை) போட்டு மிரட்டி ஏற்றுவதைவிட, செட்டிங்கில் சரியான சிப் பெயரைக் கொடுப்பதே முறை.

வைஃபை உள்ள ஈஎஸ்பி32 சிப் போர்டுகளுக்கு இதில் பாதி பொருந்தாது. ரீசெட் ஆகும் நேரத்தில் ஜிபிஐஓ0 என்ற கால் கீழே இருந்தால்தான் அது புரோகிராமுக்குத் தயாராகும். ஜிபிஐஓ12-இல் புல் அப் போட்டுவிட்டால் ஃபிளாஷ் மெமரிக்கு 1.8 வோல்ட் என்று எடுத்துக்கொண்டு எழவே மறுக்கும். வைஃபை கிளம்பும்போது நூற்றுக்கணக்கான மில்லிஆம்ப் கேட்கும், சின்ன ரெகுலேட்டர் அங்கே மண்டியிட்டுவிடும்.

அடுத்த போர்டு வரையும்போது ஆறு பின் ஐஎஸ்பி ஹெடரை இடம் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். பின் வைக்க இடமில்லாவிட்டாலும் ஆறு பேடாவது வையுங்கள். கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் படாமல் போர்டின்மேல் பூசும் பூச்சு) அடிக்கும்போது அந்தப் பேடுகளின் மேல் டேப் ஒட்டிவிட்டு அடியுங்கள். ஒட்டாமல் அடித்துவிட்டு, ஆறு மாதம் கழித்து போகோ பின்னை (பேடில் அழுத்தித் தொடும் ஸ்பிரிங் பின்) அழுத்தி அழுத்திப் பார்த்து, மறுபடி சிப்பு போச்சு என்று கிளம்பி வருபவர்களும் இருக்கிறார்கள். போனில் கேட்பதாக இருந்தால் போர்டின் இரண்டு பக்கமும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, சிப்பின் காலிலேயே அளந்த வோல்டேஜையும், வந்த சிக்னேச்சர் எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள்.