நாய்க்குட்டி இழுத்தால் விசை எங்கே போகிறது?

மாலை வெயில் தணிந்ததும் சிங்கப்பூரின் தோபாயோவிலோ ஈசூனிலோ புளோக்குக்குக் கீழே போய் நின்றால், ஆளை இழுத்துக்கொண்டு ஓடும் குட்டி நாய்களைப் பார்க்கலாம். பெரும்பாலும் சின்ன இனங்கள்தான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஒரு நாய்க்குத்தான் இடம். அதுவும் அனுமதிப் பட்டியலில் உள்ள சிறு இனமாக இருக்க வேண்டும். ‘அடோர்’ திட்டத்தில் தத்தெடுக்கும் உள்ளூர்க் கலப்பின நாய்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. ஆக, அக்கம்பக்கத்தில் கண்ணில் படுவது சிவாவா, பொமரேனியன், யார்க்‌ஷயர் டெரியர், டாய் பூடில் வகையறா. மூச்சுக்குழாய் தளர்ந்து அமுங்கும் கோளாறு அதிகம் தாக்குவதும் இவற்றைத்தான்.

நாயின் மூச்சுக்குழாயில் குருத்தெலும்பு வளையங்கள் வரிசையாக இருக்கும். அவை முழு வட்டமல்ல. முதுகுப் பக்கம் திறந்திருக்கும் இடைவெளியைச் சவ்வும் தசையும் மூடியிருக்கும். குருத்தெலும்பு வலுவிழந்தால் குழாய் தட்டையாகிவிடும். வாத்து கத்துவது போல ஒரு வறட்டு இருமல் வரும். கழுத்துப்பட்டை இழுபடும்போது அழுத்தம் விழுவது இந்தக் குழாயின் மேல்தான். கண்ணுக்கும் அது ஆகாது. கழுத்துப்பட்டையில் இழுபட்ட நாய்களுக்குக் கண்ணின் உள்ளழுத்தம் கூடியது, கழுத்துக்குப் பதில் மார்பைச் சுற்றி மாட்டும் பட்டையான ஹார்னஸில் இழுபட்டபோது அப்படிக் கூடவில்லை என்று 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

சரி, விசை எவ்வளவு இருக்கும்? 3 கிலோ குட்டி ஒன்று மைனாவைக் கண்டு விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 13.5 ஜூல். வார் விறைத்து, 5 சென்டிமீட்டருக்குள் குட்டி நின்றுவிட்டால் சராசரி விசை 270 நியூட்டன். அதாவது அதன் எடையைப் போல் 9 மடங்கு! உங்கள் கை கொஞ்சம் முன்னால் போய், 30 சென்டிமீட்டரில் அதே குட்டி நின்றால் விசை 45 நியூட்டன்தான். எந்த ஹார்னஸ் வாங்குவது என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன் கையை இளக்கிப் பிடிக்கப் பழகலாம். அதற்குக் காசும் ஆகாது.

ஹார்னஸ் இந்த விசையைக் குறைப்பதில்லை, பரப்புகிறது. கழுத்துப்பட்டை தொண்டையில் 9 சதுர சென்டிமீட்டர் அளவுக்குப் பதிகிறது, ஹார்னஸ் மார்பில் 36 சதுர சென்டிமீட்டர் பதிகிறது என்றால் அழுத்தம் நான்கில் ஒரு பங்காகிவிடும். அதைத் தாங்குவதும் குழாயல்ல, மார்பெலும்பு.

ஆனால் மார்பை ஒட்டியே தோள் இருக்கிறது. நம் கை காறையெலும்பு வழியாக உடம்போடு இணைந்திருக்கிறது. நாய்க்கு அந்த எலும்பு பெயரளவில்தான். முன்னங்காலை உடம்போடு பிடித்துவைத்திருப்பவை தசைகள் மட்டுமே. ஒவ்வோர் எட்டுக்கும் தோள்பட்டை எலும்பு விலாவின் மேல் வழுக்கிச் சுழல்கிறது. நிற்கும்போது உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்களே தாங்குகின்றன. மார்புக்குக் குறுக்கே கிடைமட்டமாக ஓடும் பட்டை தோள்மூட்டின் மேல் விழுந்தால், கால் முன்னால் நீளும் நேரத்தில் அதில் போய் இடிக்கும்.

அதனால்தான் மார்பெலும்பின் நடுவில் இறங்கி, முன்னங்கால்களுக்கு இடையே போகும் ‘ஒய்’ வடிவத்தைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். நானும் அதையே சொல்வேன், ஒரு தயக்கத்தோடு. 2019இல் வந்த ஓர் ஆய்வில் இரண்டு வகையுமே தோள் நீள்வதைக் குறைத்தன; எதிர்பார்ப்புக்கு மாறாக ‘ஒய்’ வகைதான் கூடுதலாகக் குறைத்தது. வடிவத்தின் பெயரை நம்பி வாங்குவதைவிட, மாட்டிய பிறகு குட்டி எட்டு வைப்பதைப் பக்கவாட்டிலிருந்து பார்ப்பது மேல். எட்டு குறுகினால் அந்த ஹார்னஸ் வேண்டாம்.

முன்மார்பில் வாரை மாட்டும் வகையும் உண்டு. குட்டி இழுத்தால் உடம்பு உங்கள் பக்கம் திரும்பும். சின்னக் குட்டிக்கு முதுகில் மாட்டும் வளையமே போதும் என்பது என் கருத்து. ஹார்னஸ் போட்டால் இழுக்கும் பழக்கம் போய்விடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களுக்கும் ஹார்னஸ்தான் போடுகிறார்கள், சுகமாக இழுக்கட்டும் என்று!

அளவெடுக்க, முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்பின் அகலமான இடத்தைச் சுற்றி அளக்க வேண்டும். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழையலாம். மிகச் சின்னக் குட்டிக்கு ஒரு விரல் போதும். அக்குளில் உரசக் கூடாது. குட்டி வளர்வதால் வாரம் ஒருமுறையாவது இதைப் பார்த்துத் தளர்த்த வேண்டியிருக்கும். தடுப்பூசிகள் முடியும்வரை வெளியே கூட்டிப்போக முடியாதே, அந்த நாள்களில் வீட்டுக்குள்ளேயே கொஞ்ச நேரம் மாட்டிப் பழக்கலாம்.

அப்புறம் நம்மூர்ப் புழுக்கம். நாய்க்கு வியர்ப்பது பாதங்களில்தான். உடல் சூட்டைப் பெரும்பாலும் மூச்சிரைத்தே ஆற்றுகிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் நாக்கின் ஈரம் ஆவியாவதும் மெதுவாகிவிடும். சட்டை மாதிரி முதுகையும் வயிற்றையும் மூடும் ஹார்னஸ் பார்க்க அழகுதான், ஆனால் சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும். எனவே மெல்லிய பட்டைகளே இங்கே சரிப்படும். மழையில் நனைந்துவிட்டால் வீட்டுக்கு வந்ததும் கழற்றிக் காயப்போடுங்கள். ஈரப்பட்டையை மாட்டியபடியே விட்டால், அடியில் தோல் சிவந்து புண்ணாகும்.